குறும்படத்தை விழாவுக்கு அனுப்பும் முன்...

படம் முடிந்த கையோடு கண்ணில் பட்ட விழாவுக்கெல்லாம் பணம் கட்டிவிடாதீர்கள். விழாக்களுக்குப் படம் அனுப்ப உதவும் ஃபிலிம்ஃப்ரீவே தளத்தில் ஒரே விழாவுக்கே பல கெடு தேதிகள் இருக்கும். நாள் தள்ளத் தள்ளக் கட்டணம் ஏறும். எடிட்டிங் முடியும் தேதியைக் கணக்கிட்டு முதல் கெடுவுக்கே அனுப்பப் பாருங்கள். கட்டணமில்லாத விழாக்களை மட்டும் தேடும் வசதியும் அங்கேயே உண்டு.

தேர்வாகாவிட்டால் பெரும்பாலும் பணம் திரும்பி வராது. அதனால் விதிமுறைகளை வரி விடாமல் படியுங்கள், முக்கியமாக நிமிட வரம்பையும் முதல் திரையிடல் நிபந்தனையையும். யூடியூபில் ஏற்றிய படத்தைச் சில விழாக்கள் ஏற்பதில்லை. டாலரில் கட்டும்போது வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் சேரும்.

மாணவரா, முதல் படமா? கட்டண விலக்குக் கேட்டு விழாக் குழுவுக்கு நாலு வரி மெயில் போடுங்கள், கெடுவுக்கு வெகு முன்பே. சம்மதித்தால் அதற்கான குறியீட்டை (code) அனுப்புவார்கள். கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

மாதாமாதம் விருது அறிவித்து, கோப்பைக்குத் தனியாகக் காசு கேட்கும் விழாக்கள் வேண்டவே வேண்டாம். போன வருடம் எந்த அரங்கில், எந்தெந்தப் படங்களைத் திரையிட்டார்கள் என்று பாருங்கள். அரங்கின் பெயரே கிடைக்கவில்லையா? அங்கே ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.