முற்றத்தில் ஏழு சிரட்டை: சில குறிப்புகள்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே உள்ள உதியன்குளங்கரைப் பக்கம் தென்னை இருக்கிற வீட்டில் சிரட்டைக்குப் பஞ்சமில்லை. ஏழு கல் ஆட்டத்தைச் சிரட்டையிலேயே ஆடலாம், காசு செலவில்லை.

● ஏழு சிரட்டைகளின் விளிம்பைத் தரையில் தேய்த்து மழுங்க வையுங்கள். பெரியதைக் கீழே கவிழ்த்து, சிறியவற்றை மேலே அடுக்குங்கள்.

● பந்துக்கு ஈர்க்கு நீக்கிய பச்சை ஓலையைப் பின்னி, உள்ளே துணிச்சுருள் திணிக்கலாம். கனத்துக்காகக் கல் வைக்க வேண்டாம். பழைய காலுறைப் பந்தும் போதும்.

● அடுக்கிலிருந்து 12 முதல் 15 அடி தள்ளிக் கோடு போடுங்கள். சிறு பிள்ளைகளுக்கு 6 அடி போதும்.

● ஓர் ஆளுக்கு மூன்று எறி. அடுக்கு சரிந்ததும் எறிந்த அணி அதை மீண்டும் அடுக்க வேண்டும். எதிரணி பந்தால் அடித்துத் தடுக்கும். அடி பட்டவர் வெளியே. அடுக்கி முடித்தால் ஒரு புள்ளி.

● இடுப்புக்குக் கீழேதான் எறிய வேண்டும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

● கிணறு, அடுப்பு, சாலையோரம் இருக்கும் பக்கம் ஆட வேண்டாம். மழைக்குப் பின் பாசி படிந்த முற்றமும் வழுக்கும்.

● ஆட்டம் முடிந்ததும் சிரட்டைகளை எண்ணி, மழை படாத இடத்தில் கவிழ்த்து வையுங்கள். சிரட்டையில் தேங்கும் கொஞ்சம் தண்ணீரே டெங்கு கொசு முட்டையிடப் போதும்.