இண்டர்வியூவில் ஒரு நட்சத்திரக் கணக்கு

சாஃப்ட்வேர் இன்டர்ன்ஷிப் இண்டர்வியூவில் பெரும்பாலும் சின்ன புரோகிராம்தான் எழுதச் சொல்வார்கள். அதில்தான் பலர் கோட்டை விடுகிறோம்.

உதாரணத்தை நம்ம ஜவ்வாது மலையிலேயே எடுத்துக்கொள்வோம். காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. வானியலில் ஒளி எண் குறையக் குறையப் பிரகாசம் அதிகம். அபிஜித் 0.03, சித்திரை 0.97, மகம் 1.4. மிகப் பிரகாசமானது எது? மிகச் சிறிய எண்ணைத் தேட வேண்டும்.

'சிறியது = 0' என்று ஆரம்பித்தால் விடையும் 0 என்றே வரும். அப்படி ஒரு நட்சத்திரமே பட்டியலில் இல்லையே! பட்டியலின் முதல் எண்ணை வைத்தே தொடங்குங்கள்.

எழுதி முடித்ததும் பேனாவை மூடிவிடாதீங்க. இந்த மூன்று எண்களையும் போட்டு, வரிவரியாக வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பட்டியல் காலியாக இருந்தால் என்ன செய்வது என்று நீங்களே கேளுங்கள். எதிரில் இருப்பவர் விடையை மட்டுமல்ல, நாம் யோசிக்கும் விதத்தையும் பார்க்கிறார்.