நீரிழிவுள்ள பிள்ளைகளும் எலும்பு வளர்ச்சியும்

பிள்ளைக்கு நீரிழிவு என்று மருத்துவர் கூறியதும், பாலில் சர்க்கரை இருக்கிறது எனக் கருதிப் பாலை நிறுத்திவிடும் பெற்றோர் உண்டு. விழுந்துவிடுவான் என்றஞ்சிப் பந்து விளையாடத் தடுப்போரும் உண்டு. அன்பினால் செய்யப்படும் இவ்விரண்டும் பிள்ளையின் எலும்புக்குக் கேடு விளைவிப்பவை.

நாம் இங்கே குறிப்பிடுவது முதல் வகை நீரிழிவு. பெரியவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் இரண்டாம் வகையினின்றும் இது வேறுபட்டது. உடலின் நோய்த் தடுப்பு ஆற்றலே வழி தவறி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களை அழித்துவிடுவதால் இது உண்டாகிறது. இனிப்புத் தின்றதனால் வந்ததன்று, தாயின் குற்றமுமன்று.

இன்சுலினுக்கும் எலும்புக்கும் என்ன தொடர்பு? புதிய எலும்பைக் கட்டும் உயிரணுக்களுக்கு இன்சுலின் ஊக்கமளிக்கிறது. அது குறைந்தால் கட்டும் வேலை மந்தமடைகிறது. இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை சிறுநீரில் வெளியேறும்போது சுண்ணாம்புச் சத்தையும் உடன் கொண்டு செல்கிறது. எலும்பினுள் இருக்கும் புரத இழைகளிலும் சர்க்கரை ஒட்டிக்கொண்டு அவற்றின் நெகிழ்வைக் கெடுக்கிறது. இதனாலேயே இந்நோயுடையோருக்கு இளவயது முதற்கொண்டு எலும்பு முறியும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிகுதியாக உள்ளது.

1922-ஆம் ஆண்டு ஜனவரியில், கனடாவின் டொரோண்டோ நகரில் லியோனார்ட் தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதன்பின் பிள்ளைகள் உயிர் பிழைத்தனர். ஆயினும், இன்சுலின் போதாத பிள்ளைகள் உயரம் குன்றிப்போவதை 1930-இல் மோரியாக் என்ற பிரெஞ்சு மருத்துவர் எடுத்துரைத்தார். ஆகவே, எலும்புக்கு முதல் மருந்து தவறாத இன்சுலின் ஊசியே. அதற்கு ஈடாகும் கஷாயம் எதுவுமில்லை.

இளம் இரப்பர் மரத்திற்கு ஐந்தாறு ஆண்டுகள் உரமிட்டு, தண்டு பருத்த பின்னரே நாம் பால் வெட்டுகிறோம். எலும்பின் கதையும் அத்தகையதே. வாழ்நாள் முழுமைக்கும் வேண்டிய எலும்பின் பெரும் பகுதி இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது.

10 முதல் 18 வயது வரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,300 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து தேவை. ஒரு குவளைப் பாலில் சுமார் 300 மில்லிகிராம் உள்ளது. அதில் ஏறக்குறைய 12 கிராம் மாச்சத்தும் இருப்பதால், ஊசியின் அளவைக் கணக்கிடும்போது அதனையும் சேர்த்துக்கொண்டால் போதும்; பாலை விலக்க வேண்டியதில்லை. தேநீரில் ஊற்றும் இனிப்புக் கட்டிப் பால் இதற்கு மாற்றாகாது. அதில் சர்க்கரையே மிகுதி. முள்ளோடு உண்ணும் நெத்திலி, தௌபு, வீட்டோரத்து முருங்கைக் கீரை ஆகியனவும் துணைபுரியும்.

ஓடுவதும் குதிப்பதும் எலும்பை உறுதியாக்கும். வெயில் உடலில் வைட்டமின் டி உண்டாகச் செய்யும். விளையாடுமுன் சர்க்கரையைச் சோதித்துப் பார்த்து, சட்டைப்பையில் சில மிட்டாய்களைக் கொடுத்தனுப்புங்கள். நடுக்கமோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே தின்னட்டும். விளையாட்டு ஆசிரியருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

ஊசி முறையாகப் போட்டும் பிள்ளை உயரவில்லையா? அடிக்கடி வயிறு உப்பிப் பேதியாகிறதா? ரொட்டி, சப்பாத்தி முதலிய கோதுமை உணவு குடலைப் புண்படுத்தி, சத்துகள் உடலில் சேராமல் தடுக்கும் நோயொன்று இப்பிள்ளைகள் சிலருக்கு உண்டு. கோதுமையை நீங்களாகவே நிறுத்திவிடாமல் முதலில் மருத்துவரிடம் தெரிவியுங்கள். அதற்கென இரத்தப் பரிசோதனை இருக்கிறது.