வீட்டுக் கல்வி: கடிதம் கொடுப்பதற்கு முன் அறிய வேண்டியவை

இங்கிலாந்தில் கல்வி கட்டாயம், பாடசாலை கட்டாயமன்று. பிள்ளையின் வயது, திறமை, நாட்டம், விசேட கல்வித் தேவை ஆகியவற்றுக்குப் பொருத்தமான முழுநேரக் கல்வியைப் பாடசாலை மூலமாகவோ வேறு வழியாகவோ அளிப்பது பெற்றோரின் கடமை என்கிறது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 7ஆம் பிரிவு. வீட்டுக் கல்வி அந்த வேறு வழிகளுள் ஒன்றாகும்.

பெற்றோரின் பொறுப்பு

கற்பிக்கும் பெற்றோருக்கு ஆசிரியர் தகைமை தேவையில்லை. தேசியப் பாடத்திட்டத்தையோ பாடசாலை நேர அட்டவணையையோ பின்பற்ற வேண்டியதுமில்லை. ஆயினும் செலவு முழுவதும் பெற்றோரைச் சாரும். ஜி.சி.எஸ்.ஈ. பரீட்சைக்குத் தனிப் பரீட்சார்த்தியாகத் தோற்றுவதற்கு நிலையம் தேடுவதும் கட்டணம் செலுத்துவதும் அவர்களின் பொறுப்பே.

முடிவு யாருடையது?

வீட்டுக் கல்வியை விரும்பித் தேர்வது வேறு. வேறு வழியின்றி அதனுள் தள்ளப்படுவது வேறு. வரவுக் குறைவையோ நடத்தையையோ பெறுபேற்றையோ காரணங்காட்டிப் பிள்ளையை விலக்கிக்கொள்ளுமாறு பாடசாலை வற்புறுத்தலாகாது. சக மாணவரின் துன்புறுத்தலோ விசேட உதவி கிடைக்காமையோ காரணமாயின், முதலில் அதற்கே தீர்வு தேடுங்கள். பாடசாலையிடம் முறைப்பாடு செய்தல், கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டத்துக்கான மதிப்பீட்டைக் கோருதல், வேறு பாடசாலைக்கு விண்ணப்பித்தல் ஆகிய வழிகள் உள்ளன. விசேட கல்வித் தேவை குறித்து, ஒவ்வொரு கவுன்சில் பகுதியிலும் உள்ள சென்டியாஸ் சேவை இலவசமாகப் பக்கஞ்சாரா ஆலோசனை வழங்குகிறது.

கடிதத்தின் விளைவு

வீட்டிலேயே கற்பிக்கப் போவதாக எழுத்தில் அறிவித்தால், பாடசாலை பிள்ளையின் பெயரை நீக்கிக் கவுன்சிலுக்குத் தெரிவிக்கும். பின்னர் மனம் மாறினாலும் அதே பாடசாலையில் மீண்டும் இடம் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. கவுன்சிலின் ஏற்பாட்டில் விசேட பாடசாலையில் பயிலும் பிள்ளையாயின், கவுன்சிலின் சம்மதம் அவசியம். விதிகள் மாறக்கூடும் என்பதால், கடிதம் கொடுக்குமுன் கவுன்சிலின் வீட்டுக் கல்விப் பிரிவிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

பொருத்தமான கல்வி கிடைக்கவில்லை எனத் தோன்றினால், கவுன்சில் விளக்கம் கோரி அறிவித்தல் அனுப்பும். பதிலளிக்கக் குறைந்தது 15 நாள் அவகாசம் உண்டு. விளக்கம் போதாதெனில் பாடசாலை வரவு ஆணை பிறப்பிக்கப்படலாம். எனவே வாசித்த நூல்கள், எழுதிய பயிற்சிகள், சென்ற இடங்கள் ஆகியவற்றின் பதிவை முதல் நாளிலிருந்தே வைத்திருங்கள்.

உதவும் வளங்கள்

பி.பி.சி. பைட்சைஸ், ஓக் நேஷனல் அகாடமி ஆகியவை இணையத்தில் இலவசப் பாடங்களைத் தருகின்றன. உள்ளூர் நூலகத்தில் நூல்களை இரவல் பெறலாம். தென் கென்சிங்டனிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் நிரந்தரக் காட்சிகளைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். 1977இல் தொடங்கப்பட்ட எடியூகேஷன் அதர்வைஸ் அமைப்பு வீட்டுக் கல்விக் குடும்பங்களுக்கு வழிகாட்டுகிறது. வார இறுதித் தமிழ்ப் பாடசாலை தாய்மொழியோடு நண்பர்களையும் தரும். ஆனால் முழுநேரக் கல்விக்கு அது ஈடாகாது. கட்டாயக் கல்வி வயதுப் பிள்ளைகள் ஐவருக்கோ அதற்கு மேற்பட்டோருக்கோ முழுநேரக் கல்வி அளிக்கும் டியூஷன் நிலையம், தனியார் பாடசாலையாகப் பதிவுபெற வேண்டும். சேர்க்குமுன் இதை விசாரியுங்கள்.

வீட்டில் பேசவேண்டியவை

பகல் வேளையில் பிள்ளையுடன் யார் இருப்பார்? ஒருவர் வேலையைக் குறைத்தால் வாடகைக்கும் அன்றாடச் செலவுக்கும் வருமானம் போதுமா? சக வயதினரைப் பிள்ளை எங்கே சந்திக்கும்? பிள்ளையின் விருப்பம் என்ன? கோடை விடுமுறையில் சில வாரங்கள் நாளாந்த ஒழுங்கொன்றை அமைத்துக் கற்பித்துப் பார்த்தால், இவற்றுக்கு ஓரளவு விடை கிடைக்கும். அதுவரை பாடசாலை இடம் பிள்ளையின் பெயரிலேயே இருக்கட்டும்.