பிறை தெரிந்த இரவில் கடையைப் பூட்டுதல்

நோன்புப் பெருநாளுக்குக் கடை அடைப்பதில் நம் வியாபாரிகளுக்கு ஒரு தனிச் சிரமம் உண்டு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தேதி காலண்டரிலேயே இருக்கிறது. நமக்கோ 29-ஆம் நோன்பின் மஃரிபுக்குப் பிறகுதான் நாளை பெருநாளா, முப்பதாவது நோன்பா என்பது தெரியும். தலைமை காஜியின் அறிவிப்பு வந்த சிறிது நேரத்தில் கடைத்தெரு நிரம்பிவிடும். ஜவுளிக் கடையும் செருப்புக் கடையும் தையல் கடையும் இரவு இரண்டு மணி, மூன்று மணி வரை ஓடும். பிறகு ஒரு மாத நோன்பின் களைப்போடும், விடிந்தால் குளித்துத் தொழுகைக்குப் போக வேண்டுமே என்ற அவசரத்தோடும் ஷட்டரை இழுத்துப் பூட்டுகிறோம். ஆண்டிலேயே கல்லாவில் பணம் அதிகம் சேரும் அதே இரவில்தான் நம் கவனம் ஆகக் குறைவாக இருக்கிறது. அதன் பின் இரண்டு மூன்று நாள் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை.

எனவே சகோதரர்களே, பூட்டும் வேலை முழுவதையும் பிறை இரவுக்கு வைக்காதீர்கள். 25-ஆம் நோன்பிலேயே பாதியை முடித்துவிடலாம். ஷட்டரின் இரண்டு ஓரப் பூட்டுகளும் நடுப் பூட்டும் சரியாக விழுகின்றனவா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் மட்டும் பூட்டிய ஷட்டரை ஓரத்தில் கடப்பாரை கொடுத்து நெம்பிவிடலாம். ஓரங்களில் மட்டும் பூட்டியதை நடுவில் ஜாக்கி வைத்துத் தூக்கிவிடலாம். பின்கதவு, கழிவறை ஜன்னல், மேலே போட்ட ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஆகியவற்றையும் விடாதீர்கள். திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் அருகே லலிதா ஜுவல்லரியில் 2019 அக்டோபர் 2 அதிகாலை புகுந்தவர்கள் முன்வாசலைத் தொடவில்லை. சுவரில் துளை போட்டுத்தான் உள்ளே வந்தார்கள். உங்கள் கடையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? காலி மனையா, பூட்டிய கிடங்கா? இதைத் தெரியாமலே பல வருடம் கடை நடத்துபவர்கள் உண்டு.

பணத்தையும் அன்றன்றே வங்கியில் கட்டிவிடுங்கள். பெருநாள் விடுமுறையும் ஞாயிறும் சேர்ந்து வந்தால் மூன்று நாள் வசூல் ஒரே இடத்தில் தங்கிவிடும். கடையில் வைக்கப் பயந்து மொத்தத்தையும் ஒரே பையில் போட்டு, நள்ளிரவில் தனியாக வண்டியில் வீட்டுக்குக் கொண்டுபோவதும் ஆபத்துதான். குறைந்தது இரண்டு பேராகப் போங்கள். காலியான கல்லாவைத் திறந்தே வைப்பது நல்லது. பூட்டியிருந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று அதையும் உடைத்துப் போடுவார்கள்.

கடையில் இருப்பதெல்லாம் நம் சொத்தும் அல்ல. தையல் கடையில் தொங்கும் துணி, மொபைல் கடையில் பழுது பார்க்க வந்த போன், வாட்ச் கடைக்காரர் டிராயரில் கிடக்கும் அடுத்தவர் கடிகாரம் எல்லாம் அமானிதம். நம் சரக்கு போனால் நமக்கு நஷ்டம். அமானிதம் போனால் பதில் சொல்லியாக வேண்டும். வேலை முடிந்தவற்றைப் பெருநாளுக்கு முன்பே போன் செய்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மீதி இருப்பவற்றை ஒரு நோட்டில் எழுதி, அந்த நோட்டை வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.

சாவி விஷயத்தில் கொஞ்சம் கறாராகவே பேச வேண்டியிருக்கிறது. பல கடைகளில் ஒரு சாவி முதலாளியிடம், ஒன்று மச்சானிடம், ஒன்று மூத்த பையனிடம் இருக்கும். நாலாவது சாவி எங்கே என்று யாருக்கும் தெரியாது. பூட்டு உடையாமல் பொருள் காணாமல் போனால் முதல் சந்தேகம் கடைப் பையன் மேல்தான் விழுகிறது. போலீஸ் ஸ்டேஷனுக்கு முதலில் அழைக்கப்படுவதும் அவன்தான். பிறகு உண்மை தெரியவந்தாலும் அந்தத் தெருவில் அவனுக்கு வேறு கடையில் வேலை கிடைப்பது கஷ்டம். நம் அஜாக்கிரதைக்கு ஓர் ஏழைப் பிள்ளையின் பெயர் கெட வேண்டுமா? விடுமுறைக்கு முன் எல்லாச் சாவியையும் திரும்ப வாங்கி, யாரிடம் எது இருக்கிறது என்று எழுதி, பையன்களுக்கு முன்னாலேயே கையெழுத்துப் போட்டு வையுங்கள். அது அவர்களுக்கும் பாதுகாப்பு. சாவி ஒன்று தொலைந்திருந்தால் பூட்டையே மாற்றிவிடுங்கள்.

இன்சூரன்ஸ் கூடுமா, கூடாதா என்ற விவாதத்துக்குள் நாம் இங்கே போகவில்லை. அதை உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பாலிசி எடுத்திருப்பவர்கள் அதன் நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள் என்பது மட்டும் நம் வேண்டுகோள். திருட்டுக்கான பாலிசிகள் பொதுவாக உடைத்துப் புகுந்ததற்கான அடையாளத்தைக் கேட்கும். பெட்டகத்துக்கு வெளியே வைத்த பணத்துக்கும், தொடர்ந்து பல நாள் ஆளில்லாமல் கிடந்த இடத்துக்கும் விலக்கு இருக்கலாம். உம்ரா போகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பூட்டும் அலாரமும் மட்டும் போதுமா? லண்டனில் ஹாட்டன் கார்டன் என்ற நகைக்கடைத் தெருவில், வியாபாரிகளின் பெட்டகங்கள் இருந்த கட்டடத்தை 2015 ஏப்ரல் 2 மாலை ஈஸ்டர் விடுமுறைக்காகப் பூட்டிப் போனார்கள். அன்றிரவே திருடர்கள் புகுந்தார்கள். நள்ளிரவு தாண்டி அலாரம் ஒலித்தது. போலீஸ் வரவில்லை. காவலாளி வந்தார், வெளியே உடைப்பு எதுவும் தெரியாததால் உள்ளே போகாமலே திரும்பிவிட்டார். திருடர்கள் அரை மீட்டர் கனமுள்ள கான்கிரீட் சுவரைத் துளைத்தார்கள். கருவி பழுதாகி வெறுங்கையோடு போனவர்கள், சனிக்கிழமை வேறு கருவியோடு திரும்ப வந்து வேலையை முடித்தார்கள். செவ்வாய்க்கிழமை காலையில்தான் விஷயம் தெரிந்தது. இடையில் யாராவது ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்திருந்தால் போதும். கட்டடத்தின் கேமராப் பதிவையும் அவர்கள் எடுத்துப் போயிருந்தார்கள். நம் கடைகளிலும் டிவிஆர் பெட்டி கல்லாவுக்குப் பக்கத்தில் கண்ணில் படும்படிதானே இருக்கிறது? அதை மறைவான இடத்துக்கு மாற்றுங்கள்.

பார்க்க ஆள் வேண்டும் என்பதில் நம் ஊர்க் கடைத்தெருவுக்கு ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. பெருநாளன்று நம் கடை மூடியிருந்தாலும் பக்கத்துப் பாத்திரக் கடை அண்ணாச்சி கடை திறந்திருக்கும். காலையிலும் இரவு அடைக்கும்போதும் நம் பூட்டை ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்கள். தீபாவளிக்கு அவர் ஊருக்குப் போகும்போது அவர் கடையை நாம் பார்க்க வேண்டும். பிரியாணி கொடுத்தனுப்புவதோடு கணக்கு முடிந்துவிடாது. ஸ்டேஷனிலும் எத்தனை நாள் அடைப்பு என்று எழுதிக் கொடுங்கள். ரோந்து வரும் காவலருக்குத் தகவல் போகும். ஷட்டரில் "மூன்று நாள் விடுமுறை" என்று ஒட்டுவதை விட, வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிட்டு போன் நம்பர் மட்டும் எழுதுவது மேல். குடும்பத்தோடு ஊட்டியில் நிற்கும் படத்தைத் திரும்பி வந்த பிறகு ஸ்டேட்டஸில் போடலாம்.

நெருப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரவில் விளக்கை அணைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தபோது, எலி திரியை இழுத்து வீட்டை எரித்துவிடலாம் என்று காரணமும் சொன்னார்கள். இன்று எலி வயரைக் கடிக்கிறது. கேமராவுக்கும் ஃபிரிட்ஜுக்கும் தனி லைன் இழுத்துவிட்டால் மெயினை நிம்மதியாக அணைக்கலாம். சார்ஜர்களைக் கழற்றுங்கள். ஹோட்டல்காரர்கள் அடுப்பை மட்டும் அணைத்துவிட்டு வராமல் சிலிண்டர் வால்வையும் மூடுங்கள்.

இன்ஷா அல்லாஹ் திரும்பி வந்து திறக்கும் நாளில் பூட்டைத் தொடும் முன் சுற்றிப் பாருங்கள். உடைந்திருந்தால் உள்ளே போகாதீர்கள், எதையும் தொடாதீர்கள், கைரேகை அழிந்துவிடும். 112-க்கு அழைத்துவிட்டு வெளியே நில்லுங்கள். உள்ளே கேஸ் வாசனை வந்தால் சுவிட்சைப் போடாமல் கதவை மட்டும் திறந்து விடுங்கள்.