9.81 எந்த ஊர் எண்?

கேள்வி: ஆய்வுகூடத்தில் எளிய ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு ஆர்முடுகலைக் கணித்தேன். 9.78 வந்தது. எல்லோரும் சொல்லும் 9.81 எங்கிருந்து வந்தது? என் பரிசோதனை பிழையா?
— உயர்தர மாணவி, வெள்ளவத்தை

பதில்: அந்த விடையை வெட்டிவிடாதீர்கள். 9.81 ஐரோப்பாவின் எண். இலண்டனிலோ பரிசிலோ அளந்தால் அதுதான் வரும். நமக்கு முந்திய தலைமுறை பிரித்தானியப் பாடநூல்களில் பௌதிகம் படித்தது; எண்ணும் அந்த நூல்களோடு கப்பலேறி வந்து இங்கேயே தங்கிவிட்டது. கொழும்பு மத்தியகோட்டுக்கு வடக்கே ஏழு பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் இருக்கிறது. இந்த அகலக்கோட்டுக்குரிய பெறுமானம் ஏறத்தாழ 9.78.

இடத்துக்கு இடம் இது மாறும் என்பது தெரியவந்த கதை, நம்மைப் போலவே மத்தியகோட்டுக்கு அருகிலுள்ள ஓர் ஊரில் தொடங்குகிறது. 1672இல் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் ஜோன் ரிஷே என்ற வானியலாளரைத் தென்னமெரிக்காவின் கயென் நகருக்கு அனுப்பியது. செவ்வாய்க் கிரகத்தைப் பார்த்து அளந்து வருவதுதான் அவருக்கு இட்ட வேலை. அங்கே போனதும் பரிசில் சரியாக ஓடிய ஊசற் கடிகாரம் ஒரு நாளைக்கு இரண்டரை நிமிடம் அளவில் பிந்தத் தொடங்கியது. நேரத்தைச் சரிப்படுத்த ஊசலை மூன்று மில்லிமீற்றர் அளவுக்குக் குறைக்க வேண்டியிருந்தது. பல மாதங்கள் திரும்பத் திரும்பப் பார்த்து, கடிகாரத்தில் கோளாறில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டே ரிஷே அதை எழுதினார். அந்தப் பொறுமைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

காரணத்தை நியூற்றன் 1687இல் தம் பிரின்சிப்பியா நூலில் விளக்கினார். பூமி சுழல்வதால் மத்தியகோட்டுப் பகுதி புடைத்திருக்கிறது. அங்கே நிற்பவர் பூமியின் மையத்திலிருந்து துருவத்தில் நிற்பவரைவிட 21 கிலோமீற்றர் கூடுதல் தூரத்தில் இருக்கிறார். ஈர்ப்பின் சிறு பங்கு அவரைச் சுழற்சியோடு வட்டமாகக் கொண்டுசெல்வதிலும் செலவாகிவிடுகிறது. துருவத்தில் 9.83, மத்தியகோட்டில் 9.78 என்ற வேறுபாடு இப்படி வந்தது. உலகம் முழுவதற்கும் ஒரே எண் வேண்டும் என்பதற்காக 1901இல் பரிசில் கூடிய நிறை, அளவை மாநாடு 9.80665 என்பதை நியமப் பெறுமானமாக ஏற்றுக்கொண்டது. 45 பாகை அகலக்கோட்டில், கடல் மட்டத்துக்கெனக் கருதிய எண் அது. கணக்குகளுக்கு வசதியான உடன்பாடு, அவ்வளவுதான்.

இனி உங்கள் ஊசலுக்கு வருவோம். ஒரு மீற்றர் நீள ஊசல் கொழும்பில் 50 அலைவுகளுக்கு 100.45 செக்கன் எடுக்கும். அதே ஊசல் இலண்டனில் 100.3 செக்கன் எடுக்கும். வித்தியாசம் ஒரு செக்கனில் ஏழில் ஒரு பங்கு. நிறுத்தற்கடிகாரத்தை அழுத்தும் விரலின் தாமதமே அந்த அளவுக்கு வரும். ஆகவே ஒரே தடவையில் 9.78 கிடைத்திருந்தால் அதில் அதிர்ஷ்டமும் கலந்திருக்கிறது. ஊசலின் நீளத்தைக் குண்டின் மையம் வரை அளவுங்கள். நூல் முடியும் இடத்தில் நிறுத்தினால் குண்டின் ஆரை விடுபட்டுப்போகும். குண்டு ஓரத்தில் நின்று திரும்பும் கணத்தில் எண்ணத் தொடங்காமல், அது மிக விரைவாகச் செல்லும் நடுநிலையில் குறிகாட்டியைக் கடக்கும்போது தொடங்குங்கள். ஆறேழு நீளங்களுக்கு அலைவு காலத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிரே வரைபாக்கி, படித்திறனிலிருந்து விடையை எடுங்கள். அப்போதும் 9.78 வந்தால் தலைநிமிர்ந்து எழுதலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உலகிலேயே ஈர்ப்புக் குழி மிக ஆழமாக இருப்பது நம் தீவுக்குத் தெற்கே, இந்து சமுத்திரத்தில். அங்கே கடற்பரப்பே சராசரி மட்டத்திலிருந்து 106 மீற்றர் வரை தாழ்ந்திருக்கிறது. 1948இல் வெனிங் மைனஸ் என்ற ஒல்லாந்து அறிஞர் கப்பலில் சென்று அளந்தபோது தெரியவந்த செய்தி இது.

கேள்வி: காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ் திடீரென்று பிரேக் போட்டால் நின்றுகொண்டிருப்பவர்கள் முன்னே சாய்கிறார்கள். இதற்குக் காரணமான சடத்துவம் நியூற்றன் கண்டுபிடித்ததா?
— கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: விதியாக எழுதி வைத்தவர் நியூற்றன். ஆனால் அதற்குப் பின்னால் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வாதம் இருக்கிறது. தள்ளிக்கொண்டிருந்தால்தான் பொருள் நகரும் என்றார் அரிஸ்டோட்டில். கையை விட்ட அம்பு ஏன் போகிறது என்று ஆறாம் நூற்றாண்டிலேயே அலெக்சாந்திரியாவின் பிலோபோனஸ் மடக்கிக் கேட்டார். தடை இல்லாவிட்டால் எறியப்பட்ட பொருள் நிற்காது என்று பதினோராம் நூற்றாண்டில் இப்னு சீனா கருதினார். சாய்தளங்களில் குண்டுகளை உருட்டி அளந்தவர் கலிலியோ. தானாக விடப்பட்ட பொருள் நேர்கோட்டில்தான் செல்லும் என்று 1644இல் டேக்கார்ட் தெளிவாக்கினார். பஸ்ஸில் உங்களை முன்னே தள்ளும் விசை என்று எதுவும் கிடையாது. பஸ் வேகம் குறைகிறது. காலைத் தளத்தின் உராய்வு பிடித்துக்கொள்கிறது. மேலுடல் முந்திய வேகத்திலேயே போகிறது. விடைத்தாளில் "முன்நோக்கிய விசை" என்று எழுதிப் புள்ளி இழப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கேள்வி: பைசாக் கோபுரத்திலிருந்து கலிலியோ குண்டுகளைப் போட்டது உண்மையா?

பதில்: அவருடைய சீடர் விவியானி எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது, கலிலியோ தம் நூல்களில் அப்படிச் சொல்லவில்லை. உறுதியான பதிவு ஒல்லாந்தில் இருக்கிறது. சைமன் ஸ்டெவின் 1586இல் டெல்ஃப்ட் நகரில் ஒன்றைவிட மற்றது பத்து மடங்கு பாரமான இரு ஈயக் குண்டுகளை 30 அடி உயரத்திலிருந்து போட்டு, இரண்டும் ஒரே சத்தமாக விழக் கேட்டார்.

கேள்வி: இயக்கவியலில் நம்மவர் யாராவது புதிதாக எதையும் கண்டிருக்கிறார்களா?
— பௌதிக ஆசிரியர், வெள்ளவத்தை

பதில்: கண்டிருக்கிறார்கள். கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர், 1918இல் பிறந்த இலங்கைத் தமிழர். கேம்பிரிட்ஜில் பௌதிகவியலாளர் டிராக்கிடம் ஆராய்ச்சி செய்தவர். ஏற்றமுள்ள துணிக்கை ஆர்முடுகும்போது கதிர்வீசிச் சக்தியை இழக்கிறது; அந்த இழப்பு அதன் இயக்கத்தையே திருப்பித் தாக்குகிறது. இதற்கு 1938இல் டிராக் ஒரு சமன்பாடு கொடுத்தார். நாம் படிக்கும் நியூற்றனின் சமன்பாட்டில் ஆர்முடுகலோடு கதை முடிந்துவிடும். டிராக்கின் சமன்பாட்டிலோ ஆர்முடுகல் மாறும் வீதமும் நுழைகிறது.

அந்தச் சமன்பாட்டை எலியேசர் ஐதரசன் அணுவில் பொருத்திப் பார்த்தார். புரோத்தனை நோக்கி நேர்கோட்டில் செல்லும் இலத்திரன் அதில் போய் விழும் என்றே எவரும் எதிர்பார்ப்போம். இரண்டும் ஒன்றையொன்று கவர்கின்றன அல்லவா? 1943இல் எலியேசர் வெளியிட்ட முடிவு நேர்மாறானது. அந்தச் சமன்பாட்டின்படி இலத்திரன் புரோத்தனை அடையவே அடையாது. வழியிலேயே திரும்பி, மேலும் மேலும் வேகம் கூடி விலகி ஓடிவிடும். இயற்கையில் அப்படி நடப்பதில்லை. ஆகவே புள்ளியளவான துணிக்கைக்குப் பழைய இயக்கவியல் முறையில் எழுதிய சமன்பாட்டில் ஆழமான குறை இருக்கிறது என்பதை அது வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. இன்றும் அத்துறையினர் அதை எலியேசர் தேற்றம் என்றே குறிப்பிடுகிறார்கள்.

அவர் கொழும்பில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியராக இருந்தார். பிறகு மலாயாப் பல்கலைக்கழகத்திலும், மெல்பேர்ண் லா ட்ரோப் பல்கலைக்கழகத்திலும் கற்பித்து 2001இல் காலமானார். ஐயா, நீங்கள் விசையும் ஆர்முடுகலும் கற்பிக்கும் நாளில் கலிலியோ, நியூற்றன் பெயர்களுக்குக் கீழே எலியேசரின் பெயரையும் கரும்பலகையில் எழுதுங்கள்.