பயனாளியா, பங்காளியா?

முன்னுரை

வல்லத்திராக்கோட்டையைச் சேர்ந்த செவிலியர் ஒருவர், நாற்பது அகவையைக் கடந்தபின் முனைவர் பட்ட ஆய்வை மேற்கொண்டவர், தம் வினாநிரலின் தமிழைச் செப்பம் செய்யும்பொருட்டு நம்மை நாடினார். மருத்துவப் பணியில் பொதுமக்களின் ஈடுபாடு என்பது அவர்தம் ஆய்வுப்பொருள். ஆனால் வினாநிரலோ மக்களைப் 'பயனாளிகள்' என்றே பக்கந்தோறும் சுட்டியது. அச்சொல் பொருந்துமா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வள்ளுவர் வகுத்த நான்கு

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம், மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்து நிறைவுறுகின்றது. நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என்பன அவை. அவற்றுள் நோயுற்றவரே முதற்கண் வைக்கப்பெற்றுள்ளமை கருதத்தக்கது. வள்ளுவர் நோக்கில் அவரும் மருத்துவத்தின் ஒரு கூறு. மருந்தைப் பெற்றுச் செல்பவர் மட்டும் அல்லர்.

'பயனாளி' என்னும் சொல் கொடுப்பவரை உயர்த்திப் பெறுபவரை வாய்மூடச் செய்கின்றது. 'பங்காளி'யோ சொத்தில் பங்கும், கணக்குக் கேட்கும் உரிமையும், செலவில் பொறுப்பும் உடையவர். பங்காளிச் சண்டை என்பர் ஊர்வழக்கில். உரிமை உள்ள இடத்தில்தானே சண்டையும் எழும்!

களச் சான்றுகள்

1978இல் அல்மா ஆட்டா நகரில் வெளியிடப்பெற்ற நலவாழ்வு அறிக்கை, மருத்துவப் பணியைத் திட்டமிடுவதிலும் செயற்படுத்துவதிலும் பங்கேற்பது மக்களின் உரிமையும் கடமையும் ஆகும் என்றது. நம் நாட்டில் 2005இல் தொடங்கிய தேசிய ஊரக நலவாழ்வு இயக்கம், ஊர்தோறும் நலக்குழு அமைக்க வழிவகுத்து, ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை நிதியும் வகுத்தது. அதனை எப்பணிக்குச் செலவிடுவது என முடிவு செய்ய வேண்டியவர் ஊராரே.

2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் உரிய மாத்திரைகளை இல்லத்து வாயிலுக்கே கொணர்ந்தது. இது போற்றத்தக்கது. ஆயினும் மருந்து மக்களைத் தேடி வருவது ஒன்று. மக்களின் கருத்தைத் தேடி மருத்துவத் துறை வருவது பிறிதொன்று.

புதுக்கோட்டை மாவட்டத்திற்குப் பங்கேற்பு புதிதன்று. 1991இல் இங்குத் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் எழுத்தறிவு பெற்ற பெண்கள் மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். கற்றவரைப் போலவே கற்பித்தவரும் பெரும்பாலும் ஊராரே. எழுத்தறிவில் இயன்றது நலவாழ்விலும் இயலும்.

நிறைவுரை

ஆதலின் 'பயனாளி'யை நீக்கிப் 'பங்காளி' என எழுதுமாறு கூறினோம். அவ்வம்மையார் சற்றே எண்ணிப் பார்த்து, "சொல்லை மாற்றினால் போதுமா, ஐயா? வினாக்களை எல்லாம் நானே எழுதிவிட்டேன். எதைக் கேட்க வேண்டும் என்று ஊராரைக் கேட்கவில்லையே!" என்றார். நாம் வாயடைத்துப்போனோம். சொல்லை ஆராய்ந்த நாம் கண்டிராத குறையைப் பல்லாண்டு நோயாளர் அருகிருந்த அவர் கண்டுகொண்டார். வினாநிரலைத் திருத்தாமலே எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார்.

களஆய்வுக்குச் செல்லும் மாணவர்கள் விடைகளை மட்டுமன்றி, வினாக்களையும் மக்களிடமிருந்தே பெற்று வருவார்களாக. முதிர்ந்த வயதில் பயில வருவோரிடம் ஆசிரியர்கள் பயில வேண்டியதும் உண்டு என்பதை நாம் அன்று உணர்ந்தோம்.